சௌந்திரம் எடைமேடைக் கணினி திரும்பி வந்த விவரம்

2025 அக்டோபர் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, முந்தின நாள் பழைய இரும்புக் கடைக்குப் போடப்பட்ட கணினி எருமப்பட்டி சாலையில் உள்ள சௌந்திரம் எடைமேடைக்குத் தானாகத் திரும்பி வந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தது. திரை, பெட்டி, விசைப்பலகை மூன்றும் வந்திருந்தன. மவுஸ் வரவில்லை, அது பத்து நிமிடம் கழித்து வந்தது. அன்று முட்டை விலையில் மாற்றமில்லை.

அந்த எடைமேடையில் ஏறும் வண்டிகள் எல்லாம் மக்காச்சோள லாரிகள். சோளத்தோடு ஒரு முறை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு முறை ஏறும். இரண்டு எடையும் அச்சாகி வரும் சீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்திலிருக்கும் கோழித் தீவன ஆலைக்குப் போனால்தான் சரக்கு கணக்கில் ஏறும். மேடையைச் சௌந்திரம் ஒருவரே நடத்தினார். வயது ஐம்பத்திரண்டு. கணவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். வருடத்தில் ஒரு மாதம் ஊரில் இருப்பார். 2016இல் இந்தக் கணினியை வாங்கி, அப்போது புதிதாக இருந்த இயங்குதளத்தின் பத்தாம் பதிப்பைப் போட்டுக் கொடுத்தவர் நாமக்கல்லில் கணினிக் கடை வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன். அணைக்கும்போது பேசும்படி ஒரு குரலும் வைத்தார். அது ஆங்கிலத்தில் “குட்பை” சொன்னது. அர்த்தம் கேட்ட சௌந்திரத்துக்குப் பிடிக்கவில்லை.

“இதென்ன தம்பி, போறேன்னுட்டுப் போகுது? வெளக்கு வெக்கற நேரத்துல இப்படிச் சொன்னா வெளங்குமா? நல்லபடியாச் சொல்லிட்டுப் போகச் சொல்லு.”

நவநீதகிருஷ்ணன் மைக்கை நீட்டினார். சௌந்திரமே தன் குரலில், “போயிட்டு வாரேனுங்க” என்று பதிவு செய்தார். அன்றிலிருந்து ஒன்பது வருடம், தினமும் மாலை ஏழு மணிக்குக் கணினி அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அணைந்தது. கடைசி வண்டியின் ஓட்டுநர் யாராக இருந்தாலும் கேபினிலிருந்து, “போயிட்டு வா சாமி” என்பார். மறுநாள் எட்டே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினால் அது வந்துவிடும். இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

பத்தாம் பதிப்புக்கு இனி ஆதரவு கிடையாது, பதினொன்றுக்கு மாறுங்கள் என்ற அறிவிப்பு ஒரு வருடம் முன்பே வர ஆரம்பித்தது. லாரி மேடைமேல் நிற்கும், சௌந்திரம் எடையைப் பார்க்கக் குனிவார், அறிவிப்பு திரை முழுக்க வந்து எடையை மறைக்கும். பின்னால் ஏழு வண்டி ஹாரன் அடிக்கும். சரி, மாறிக்கொள்கிறேன் என்று பொத்தானை அழுத்தினால், இந்தக் கணினி அதற்குத் தகுதியானதல்ல என்று இன்னொரு அறிவிப்பு வரும். முதல்முறை நவநீதகிருஷ்ணன் அதைப் படித்துச் சொல்லக் கேட்டபோது சௌந்திரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஒன்பது வருசமா ஒரு கிலோ தப்புச் சொன்னதில்ல. இதுக்கா தகுதியில்ல? சொன்னவன வந்து மேடைல ஏறச் சொல்லு, அவன் தகுதி எத்தன கிலோன்னு நான் பாக்கறேன்.” உள்ளே ஒரு சிப் இல்லையாம், அவ்வளவுதான் என்றார் நவநீதகிருஷ்ணன். அவர் கடையில் அந்த வருடம் தினம் சண்டை. நன்றாக ஓடுகிற பொருளைச் செத்தது என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். கோபத்தைக் காட்ட அறிவிப்பை அனுப்பும் நிறுவனத்தின் ஆள் யாரும் நாமக்கல்லில் இல்லாததால் எல்லாரும் அவர்மேல் காட்டினார்கள்.

தீவன ஆலை மேலாளர் தண்டாயுதபாணி ஒரு சுற்றறிக்கை விட்டார். ஆதரவு முடிந்த கணினியில் அச்சான எடைச்சீட்டு நவம்பர் முதல் தேதியிலிருந்து செல்லாது. ஆலை வாங்காவிட்டால் அந்தச் சீட்டை வேறு யாரும் வாங்கப் போவதில்லை. மேடையை மூட வேண்டியதுதான்.

சௌந்திரம் புதுக் கணினி வாங்கினார். அது முதலில் மின்னஞ்சல் கேட்டது, பிறகு கடவுச்சொல், பிறகு அந்தக் கடவுச்சொல் பலவீனமானது என்றது. எடைமேடையின் கேபிளைச் செருக அதில் ஓட்டையே இல்லை. நவநீதகிருஷ்ணன் இடையில் ஒரு இணைப்பானை வைத்துச் செருகினார். மாதையன் என்ற ஓட்டுநர் வெறும் லாரியை ஏற்றினார். புதுக் கணினி நாற்பது டன் என்றது.

“அக்கோவ், வண்டில நான் மட்டுந்தானுங்க இருக்கறேன். காலைல நாலு இட்லி தானுங்க தின்னேன்” என்றார் மாதையன்.

ஆனாலும் ஆதரவு முடியும் நாளான அக்டோபர் பதினான்கு மாலை ஏழு மணிக்குப் பழையதைக் கடைசியாக அணைத்தார்கள். அது வழக்கம்போல், “போயிட்டு வாரேனுங்க” என்றது. அங்கே தவறு நடந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவருக்குப் பதில் சொல்லாமலிருக்க அந்தப் பக்கத்து ஆட்களால் முடியாது. சௌந்திரம், “போயிட்டு வா சாமி” என்றார். மறுநாள் பழைய இரும்புக்காரர் அதைப் பரமத்தி வேலூருக்கு ஏற்றிப்போனார். அதற்கடுத்த நாள் அது வந்துவிட்டது.

மறுபடி ஏற்றி அனுப்பினார்கள். மறுபடி வந்தது, விசைகளுக்கு இடையில் வெற்றிலைக் காம்போடு. மூன்றாம் முறை இரும்புக்காரர் திரையைக் கரூரிலும் பெட்டியைப் பரமத்தி வேலூரிலும் விற்றார். இரண்டும் எட்டே முக்காலுக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன. நாமக்கல் பேருந்தின் நடத்துநர், ஜன்னல் ஓரத்தில் ஒரு கணினி உட்கார்ந்திருந்ததாகவும், கூட்டம் ஏறியபோது அது நகர்ந்து இடம் கொடுத்ததாகவும் சொன்னார். அதற்கு இப்போது மின்சாரமும் கேபிளும் தேவைப்படவில்லை. லாரி ஏறினால் எடை வந்தது, கிலோ பிசகாமல். திரையின் மூலையில் ஆதரவு முடிந்தது என்ற அறிவிப்பு அப்படியே இருந்தது. கணினி அதைப் பொருட்படுத்தவில்லை.

செய்தி பரவியதும் எருமப்பட்டி சாலையில் திருவிழாக் கூட்டம். கோழிப்பண்ணை, பள்ளி அலுவலகம், லாரி பாடி கட்டும் பட்டறை என்று எல்லா இடத்திலிருந்தும் பழைய கணினிகளை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொன்றிலும் சௌந்திரத்தின் குரலை ஏற்ற வேண்டும். அவர் இரண்டு லாரிக்கு ஒரு கணினி என்று முறை வைத்து, சலிக்காமல் தன் குரலைப் பதிந்து கொடுத்தார். கரும்புச்சாறு வண்டிகள் நான்கு வந்தன. நவநீதகிருஷ்ணனை ஒன்பது வருடத்தில் முதன்முறையாக ஜனங்கள் தோளில் தட்டிப் பாராட்டினார்கள். சீட்டு மட்டும் நவம்பரிலிருந்து செல்லாது என்பது அப்படியேதான் இருந்தது.

அக்டோபர் முப்பத்தொன்று மாலை தண்டாயுதபாணி நேரில் வந்தார். கெட்டவர் அல்ல. சேலத்தில் படித்தவர், விதி என்றால் விதி. கணினி செத்தது என்று மேலிடம் சொன்னால் அது செத்தது. இரண்டு நாள் முன்பு அவரே இதைத் தூக்கிப்போய் ஆலைக் கிடங்கில் பூட்டி, சாவியைப் பையில் வைத்திருந்தார். காலையில் சாவி பையில் இருந்தது, கணினி மேடையில் இருந்தது. இப்போது விஷயம் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

“அம்மிணி, குத்தம் மிசின்ல இல்லீங்க, உங்க வாயில. அந்தக் குரல அழிச்சுப்போட்டு ‘போறேன்’னு மாத்துங்க. அது போயிரும்.”

“அந்த வார்த்த என்ற வாயில வராதுங்க. வேணும்னா நீங்க சொல்லிக்கங்க” என்றார் சௌந்திரம்.

தண்டாயுதபாணி நவநீதகிருஷ்ணனைச் சொல்லச் சொன்னார். அவர் மைக் முன் வாயைத் திறந்தார்; “வாரேன்” என்றுதான் வந்தது. மாதையன் மூன்று முறை முயன்று மூன்று முறையும் வாரேன் என்றார். கரும்புச்சாறுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “போ... போ...” என்று இழுத்து, “போயிட்டு வாரேனுங்க” என்று முடித்தபோது கூட்டம் விசிலடித்தது.

“ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த! நவுருங்கய்யா” என்று தண்டாயுதபாணி மைக்கைப் பிடுங்கினார். நவநீதகிருஷ்ணன் பழைய குரலை அழித்து, பதிவுப் பொத்தானை அழுத்தினார். தண்டாயுதபாணி நெஞ்சை நிமிர்த்தி, அதிகாரக் குரலில், ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழும்படி, “போயிட்டு வாரேனுங்க” என்றார்.

நவநீதகிருஷ்ணன் அதை அப்படியே பதிந்துவிட்டார். பிறகு சௌந்திரம், வேறு வழி இல்லாமல், “போயிட்டு வாங்க சாமி” என்றார்.

நவம்பர் ஒன்று, சனிக்கிழமை, காலை எட்டே முக்காலுக்குக் கணினி வந்தது. தண்டாயுதபாணியும் வந்தார். சேலத்தில் தன் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தவர், ஒரு கன்னத்தில் நுரையோடு, தோளில் துண்டோடு மேசைமேல் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ஏனுங்க மேனேஜர், அந்தப் பக்கத்தயும் வழிச்சுட்டு வந்திருக்கலாமுங்கல்ல?” என்று கேட்டார் மாதையன். தண்டாயுதபாணி எழுந்து ஆலைக்கு நடந்தார்; அடுத்த அடியில் மேசைக்கே வந்து சேர்ந்தார். நான்கு முறை முயன்றபின் உட்கார்ந்துவிட்டார். மாதையன் வண்டியை ஏற்றினார். கணினி எடை சொன்னது, சீட்டு அச்சானது. தண்டாயுதபாணி அதை வெகுநேரம் பார்த்தார். தன் கண் முன்னால் சரியாக எடை போட்ட ஒன்றைச் செத்தது என்று எழுத எந்தப் படிவமும் அவரிடம் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சீட்டு செல்லுபடியானது.

திங்கட்கிழமை ஆலை அவருடைய நாற்காலியையும் முத்திரையையும் எடைமேடைக்கு அனுப்பியது. அடுத்த வாரம் தொலைபேசி இணைப்பு வந்தது. சேலத்திலிருந்து பேருந்தில் வர வேண்டிய வேலை இல்லாததால் அவருக்கு உடம்பு தேறியது. புதுக் கணினியைச் சௌந்திரம் நவநீதகிருஷ்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இதுவரை வரவில்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு மேடையில் இரண்டு முறை, ஒரே குரலில், “போயிட்டு வாரேனுங்க” கேட்கும். ஒன்று கணினி, ஒன்று மேலாளர். சௌந்திரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்குவார்.