ஒரே ஒரு துணைக் கேள்வி

இங்கிலீஷ் மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. அறுபத்து மூன்று வயதில் புதிதாக ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டு நான் யாரிடம் பேசப் போகிறேன்? எங்கள் ஓகாகி ஊரில் வழி கேட்டு என் வாசலில் எந்த வெளிநாட்டுக்காரனும் நிற்கவில்லை. வியாழக்கிழமை இங்கிலீஷ் குழுவில் நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். நகராட்சி மாதப் பத்திரிகையில் வந்திருந்தது. சமுதாயக் கூடத்தின் மாடி அறையில் ஏழு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்தில், சிரிக்காமல், என் அக்கா கினுயோ.

அக்காவும் நானும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தப்பு என்னுடையதுதான். சின்னவளான எனக்கு வாய் அதிகம். அத்தான் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் காரியச் சாப்பாட்டில், "கடைசி ரெண்டு வருஷம் அவர் என்கூட ஒரு வார்த்தை பேசல" என்று அக்கா சொந்தக்காரர்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். இரண்டு கிண்ணம் சாக்கே மது எனக்குள் போயிருந்தது. "நீ வாய மூடினாத்தானே அக்கா அந்த மனுஷன் பேசறதுக்கு! இப்பத்தான் அவருக்கு நிம்மதி" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், நான் திருப்பித் திட்டியிருப்பேன், ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. நேரில் போனால் கதவு திறக்கவில்லை. வருஷம் தவறாமல் நான் அனுப்பிய புத்தாண்டு அட்டைக்கும் பதில் இல்லை. அவள் வீடு என் வீட்டிலிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிஷம்.

அக்டோபர் முதல் வியாழன், காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். குழுவை நடத்துகிறவர் முனகாதா. மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எப்போதோ மூன்று வருஷம் சிங்கப்பூரில் இருந்தாராம். அதை ஒரு மணி நேரத்துக்கு மூன்று முறை சொல்வார். அவர் போட்ட சட்டங்கள் கெடுபிடியானவை. செருப்பு மாற்றி வாசலைத் தாண்டினால் ஜப்பானிய மொழி கூடாது, மீறினால் எல்லார் தேநீர்க் கோப்பையையும் கழுவ வேண்டும். குடும்பப் பெயர் கிடையாது, 'சான்' என்ற மரியாதைச் சொல் கிடையாது, வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பிஸ்கட் டப்பாவில் கேள்விச் சீட்டுகள் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள், எந்தப் பருவம் பிடிக்கும், மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று எல்லாம் அன்றாடக் கேள்விகள். அவர் ஒரு சீட்டை எடுத்துப் படிப்பார். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் அதையே கேட்க வேண்டும். பதில் வந்ததும் ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. பிறகு எழுந்து நின்று, ஜோடி சொன்னதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

அந்த அறையில் நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த இங்கிலீஷ். அதை நான் இங்கே ஒட்டவைத்து அழகு பார்க்கப் போவதில்லை.

புது ஆள் வந்ததால் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். அக்கா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

"என் பேர் கினுயோ. ஒரு மகன். தூரமா இருக்கான். வீட்ல நான் மட்டும். ஒரு பூனை. கூடப்பிறந்தவங்க... இல்ல."

யாராவது அவளைக் கேட்டார்களா? அவளாகத்தான் சொன்னாள். எழுந்து வெளியே போயிருப்பேன், ஆனால் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் குரலைக் கேட்கிறேன். தொண்டை கொஞ்சம் கரகரத்திருந்தது. அந்தக் கரகரப்பை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும் போலிருந்தது. என் முறை வந்ததும் நானும், "என் பேர் தோமோயே. எனக்கும் யாரும் இல்ல" என்றேன்.

அப்புறம் குலுக்கல் போட்டார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரே ஜோடி. எனக்கு வந்த எண்ணும் அவளுக்கு வந்த எண்ணும் ஒன்று. அவள் நினைத்திருந்தால் முனகாதாவிடம் சொல்லி மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் குளிர்காலம் முழுக்க ஓட்டினேன்.

"தோமோயே, காலைல என்ன சாப்டீங்க?"

"சோறு. மீன். மிசோ சூப். நீங்க, கினுயோ?"

"டோஸ்ட். காபி."

மிசோ சூப் இல்லாமல் ஒரு நாள் விடிந்தால் வீட்டையே இரண்டாக்கும் பெண் இவள். என் ஒரே துணைக் கேள்வியைப் போட்டேன். "சூப் ஏன் இல்ல?"

அவள் அகராதியைப் புரட்டினாள். பிறகு, "பாத்திரம் பெரிசு. ஆள் ஒன்னு" என்றாள்.

எழுந்து நின்று அதை எல்லாருக்கும் சொன்னேன். கினுயோ டோஸ்ட் சாப்பிட்டாள், பாத்திரம் பெரிசு, ஆள் ஒன்று. முனகாதா, "அருமை, சிங்கப்பூர்லயும் இப்படித்தான் பேசுவாங்க" என்றார். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

இப்படித்தான் வியாழனுக்கு வியாழன் என் அக்காவைத் துணுக்குத் துணுக்காகத் தெரிந்துகொண்டேன். முழங்காலில் வலி, ரேடியோவை அணைக்காமல்தான் தூக்கம், சனிக்கிழமை அத்தான் கல்லறைக்குப் பூ. முன்பின் தெரியாத மனுஷியிடம் பேசுவதுபோல என்னிடம் மரியாதையாகப் பேசினாள். நான் இருமினால் தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். பன்னிரண்டு அடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, படியில் என்னைத் தாண்டி, தூணைத் தாண்டுவதுபோலப் போய்விடுவாள். மீதி ஆறு நாளும் நான் அடுத்த வியாழனுக்காகத் தவம் கிடந்தேன். ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் தூங்கியவளிடம் மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்க நான் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது, அவமானமாகவும் இருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு சீட்டு. 'நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்' என்று ஒரு சீட்டு அந்த டப்பாவில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பதிலை மூன்று நாள் உட்கார்ந்து எழுதி, மனப்பாடம் செய்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். டிசம்பர் போனது, ஜனவரி போனது, அந்தச் சீட்டு வரவில்லை. செல்லப்பிராணி வந்தது. பிடித்த நிறம் வந்தது. செல்லப்பிராணி இன்னொரு முறை வந்தது.

பொறுமை என் குணம் அல்ல. பிப்ரவரியில் நானே ஒரு சீட்டு எழுதினேன். இங்கிலீஷ் எழுத்துகளை அச்சு மாதிரி நிறுத்தி எழுதி, எல்லோரும் வருவதற்கு முன் போய், டப்பாவில் மேலாக வைத்தேன். முனகாதா எடுத்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"உங்களை யாராவது வார்த்தையால புண்படுத்தியிருக்காங்களா? அவங்களை மன்னிப்பீங்களா?"

இது அன்றாடக் கேள்விதானா என்று முனகாதாவே ஒரு நிமிஷம் யோசித்தார். ஆனால் டப்பாவில் இருந்து வந்த சீட்டு சட்டம். அன்று அந்த அறையில் நடந்த கூத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஹயாமி என்ற அம்மா மாமியாரைப் பற்றி ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. முனகாதா தன் பழைய மேலாளர் எல்லார் எதிரிலும் சொன்ன ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். தேநீர் ஆறிப் போனது. நான் மட்டும் என் எதிரே இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கினுயோ, உங்களை யாராவது புண்படுத்தியிருக்காங்களா?"

"இல்ல" என்றாள் அக்கா. "யாரும் இல்ல."

கையில் ஒரு துணைக் கேள்வி இருந்தது. அதற்காகப் பத்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "நிஜமாவா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நிஜமா."

அவ்வளவுதான், தீர்ந்தது. அடுத்த கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் கோபப்படக்கூட அவளுக்கு நான் ஆள் இல்லை என்று தோன்றியது.

கீழே செருப்பு அலமாரி பக்கம் வந்தால் ஜப்பானிய மொழி பேசலாம். ஹயாமி அங்கே பூட்டைத் திறந்ததுபோல ஆரம்பித்தாள்.

"என்ன தோமோயே சான், முகத்தை இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? ஜோடி பிரியுதேன்னு கவலையா?"

"என்ன பிரியுது?"

"அட, தெரியாதா? குஸே சான், அதான் உங்க ஜோடி கினுயோ, வீட்டைக் காலி பண்றாங்கல்ல. மார்ச் கடைசில. மகன் வடக்கே ஹொக்கைடோவுக்கு வந்துடுன்னு சொல்லிட்டானாம். பூனையை முன்னாடியே அனுப்பியாச்சு. அங்க போனா திரும்பி எங்க வரப் போறாங்க, இந்த வயசுல?"

"எனக்கு யாரும் சொல்லல."

"உங்களுக்கு ஏன் சொல்லணும்?" என்று ஹயாமி சிரித்தாள். "நீங்க என்ன சொந்தமா பந்தமா?"

ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். அக்கா சைக்கிளில் ஏறித் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தாள்.

மார்ச் கடைசி வியாழன். குழுவுக்கு அந்த வருஷத்தின் கடைசி நாள். சகுரா மோச்சி என்ற அரிசி இனிப்பு தட்டில் இருந்தது, யாரோ புகைப்படம் எடுத்தார்கள். நான் எதுவும் தயார் செய்யவில்லை. இரவெல்லாம் யோசித்து மூளை காய்ந்துதான் போயிருந்தது. முனகாதா டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தார்.

"நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

இதைவிடச் சாதாரணமான கேள்வி அந்த டப்பாவில் இருக்க முடியாது. நான் கேட்டேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கு ஹொக்கைடோ போறேன். காலைல எட்டு இருபது ரயில். நகோயா. அப்புறம் விமானம்."

"வழியனுப்ப யார் வராங்க?"

"யாரும் இல்ல. மகன் அந்தப் பக்கம் வருவான்."

இப்போது அவள் என்னைக் கேட்க வேண்டும். நிதானமாகக் கேட்டாள். "தோமோயே, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்கு ஸ்டேஷன் போறேன்" என்றேன். "எட்டு இருபது."

அவளுக்கும் ஒரு துணைக் கேள்வி உண்டு. கேட்டே ஆக வேண்டும், சட்டம். பக்கத்து ஜோடி பேசி முடித்து மோச்சி தின்ன ஆரம்பித்துவிட்டது. கடைசியில், "ஏன்?" என்றாள்.

"ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். ஒன்பது வருஷமா கேக்கணும். அவங்க கதவு திறக்கல. ஸ்டேஷன்ல கதவு இல்ல."

அக்கா நோட்டுப் புத்தகத்தை மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முனகாதா கைதட்டினார். என் முறை முதலில். எழுந்து, "கினுயோ நாளைக்கு ஹொக்கைடோ போறாங்க. வழியனுப்ப யாரும் இல்லன்னு சொல்றாங்க" என்றேன். இன்னும் இரண்டு வாக்கியம் வேண்டும் என்றார் அவர். "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனுஷனுக்கு எல்லாவற்றிலும் கணக்கு.

பிறகு அக்கா எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள், முழங்கால் வலி.

"என் ஜோடி தோமோயே. நாளைக்கு ஸ்டேஷன் வராங்க. எட்டு இருபதுன்னு சொல்றாங்க." நிறுத்தினாள். அகராதியை எடுக்கவில்லை. "ஆனா எட்டு இருபதுக்கு வர மாட்டாங்க. இவ எப்பவும் லேட். இவ ஒன்னாங் கிளாஸ். நான் ஆறாங் கிளாஸ். பிள்ளைங்க எல்லாம் வரிசையா ஸ்கூல் போகணும். நான்தான் வரிசைக்குத் தலைவி. இவ ஒரு சாக்ஸ் போட்டுட்டு இன்னொன்னு தேடிக்கிட்டு இருப்பா. வரிசையை அனுப்பிட்டு நான் முனைல நிப்பேன். தினமும் நிப்பேன். டீச்சர் என்னைத் திட்டுவாங்க, இவளை இல்ல."

ஹயாமியின் கையில் பாதி மோச்சி அப்படியே நின்றது.

"அதனால எட்டு இருபது ரயில் எனக்கு வேண்டாம்" என்றாள் அக்கா. "ஒன்பது பத்துல போறேன். அதுக்கு மேல நிக்க முடியாது. விமானம் போயிடும்."

முனகாதா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கினுயோ, அஞ்சு நிமிஷத்துல தோமோயே இவ்வளவும் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இவ ஒன்னும் சொல்லல" என்று அக்கா உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்."