நாக்குக்காரர் வீட்டு ஓட்ஸ் பால்

ஒருநாள் என் கணவரின் பையில் ஓட்ஸ் பால் டப்பாவைப் பார்த்தேன். வேறு யார் பையில் இருந்திருந்தாலும் அது வெறும் டப்பா. இவர் பையில் அது இருக்கக் காரணமே இல்லை.

இவர் பால் ஆலையில் ருசி பார்ப்பவர். பண்ணைகளிலிருந்து டேங்கர் வந்து நின்றதும் லேபில் உள்ள இயந்திரம் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடும். மாடு கண்டதைத் தின்றிருக்கிறதா, கேனைச் சரியாகக் கழுவினார்களா, பால் வழியில் வெயிலில் நின்றதா என்பதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். கொஞ்சம் பாலைக் காய்ச்சி ஆற்றி, வாயில் விட்டு உருட்டித் துப்பிவிட்டு, ‘இறக்கு’ என்பார், இல்லாவிட்டால் ‘திருப்பு’ என்பார். திருப்பு என்று சொல்லிவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் டேங்கர் வந்த வழியே போக வேண்டியதுதான். ஆலையில் இவருக்கு நாக்குக்காரர் என்றே பெயர்.

அப்படிப்பட்டவர் வீட்டில் மற்ற பால்களுக்கு என்ன மரியாதை இருக்கும்? என் தங்கைக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு வாய் குடித்தாலும் வயிறு உப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு வரும்போது சோயா பாலோ ஓட்ஸ் பாலோ கையோடு கொண்டுவந்துவிடுவாள். இவர் சும்மா இருப்பாரா? சோயா பால் என்பது பயறு ஊறின தண்ணீர், ஓட்ஸ் பால் என்பது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் கஞ்சி, பாதாமை அரைத்துப் பிழிவது பொழுது போகாதவர்கள் கண்டுபிடித்த வேலை என்று வரிசையாக ஆரம்பித்துவிடுவார். அவளும் விடமாட்டாள். கன்றுக்குட்டி வாயிலிருந்து பிடுங்கிக் குடிக்கிறவருக்கு எவ்வளவு வாய் என்பாள். இருவரும் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துச் சிரித்தபடியே நான் சமையலை முடித்துவிடுவேன்.

நான் ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டைகளில் விட்டுப்போன தையல், கோணல் காலர், கூடுதலாக ஒரு பொத்தான் துளை என்று பிடித்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்கக் குறை தேடும் கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர முடியுமா? என்னைச் சந்தேகப் பிராணி என்று சொந்தக்காரர்கள் சொல்வது என் காதுக்கும் வரும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

டப்பாவைக் காட்டிக் கேட்டேன். போட்டிக் கம்பெனியின் சரக்கு, ஆலையில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டப்பா திறந்து பாதி காலியாகியிருந்தது. மூடிக்குக் கீழே சிவப்பு மையில் திறந்த தேதி எழுதியிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காபிக் கடை நடத்துகிற என் தங்கைதான் அப்படி எழுதுவாள். அவள் போடும் ஏழுக்கு ஒரு வால் இருக்கும். அந்த டப்பாவிலும் வாலோடு ஓர் ஏழு இருந்தது.

அவளுக்கு போன் செய்து, மாமா கடைப்பக்கம் வந்தாரா என்று பட்டும் படாமலும் விசாரித்தேன். பார்த்தே ரொம்ப நாளாயிற்று என்றாள். நான் கேட்டு முடிக்கும் முன்பே வந்த பதில் அது. அப்படி வரும் பதிலை நான் நம்புவதில்லை.

அதன்பிறகு எனக்கு எல்லாமே கண்ணில் பட்டது. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறவர், போன மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து தாமதமாக வர ஆரம்பித்திருந்தார். தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஓட்ஸ் பாலைப் பார்த்தும் இவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் கன்றுக்குட்டியை இழுக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திடீரென்று ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தால் நடுவில் என்னவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். பயமாக இருந்தது. வேறொருத்தி என்றால் மண்ணை வாரித் தூற்றலாம், தெருவில் இழுத்துப் போட்டுக் கேட்கலாம். இவள் நான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். கட்டியவனையும் கூடப்பிறந்தவளையும் சேர்த்து இழந்தால் நான் யாரிடம் போய் அழுவேன்?

ஒரு காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, மாட்டுப்பாலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தங்கை வைத்துவிட்டுப் போன ஓட்ஸ் பாலில் காபி போட்டேன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார், இது ஏது என்று கேட்பார், உங்கள் மைத்துனி கடையிலிருந்துதான் என்று சொல்லி முகத்தைப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. அவர் வழக்கம்போல முதல் வாயை உருட்டினார். விழுங்கினார்.

“இன்னைக்குப் பால் நல்லா இருக்கு” என்றார்.

இந்த மனிதரின் வாய்க்கு ஓட்ஸ் பால் வித்தியாசமாகத் தெரியவில்லை என்றால் எத்தனை நாளாக அதைக் குடித்துப் பழகியிருக்க வேண்டும்? யார் கையால் குடித்திருக்க வேண்டும்? அவர் கோப்பையைக் காலி செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அந்தக் கோப்பையைக் கழுவக்கூட இல்லை.

அன்று செக்கிங்கில் நான் எத்தனை நல்ல சட்டைகளை ஒதுக்கினேனோ தெரியாது. மேற்பார்வையாளரிடம் தலைவலி என்று சொல்லி முன்னதாகவே கிளம்பினேன். என்ன கேட்க வேண்டும் என்பதைப் பேருந்தில் வரும்போதே மனப்பாடம் செய்துகொண்டேன். கடையின் முன்வாசலில் அவருடைய வண்டி நின்றிருந்தது. பின்பக்கம் சாமான் அறை வழியாக நுழைந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து கல்லாவும் அதை ஒட்டிய மேசையும் நன்றாகத் தெரிந்தன.

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் மேசையில் எனக்குப் பக்கவாட்டில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை எனக்கு நேர் எதிரே, குனிந்து மூன்று சின்னக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் சோயா, நடுவில் ஓட்ஸ், வலது பக்கம் மாட்டுப்பால். தட்டில் வைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். தள்ளியே உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்த எதுவும் அங்கே நடக்கவில்லை. அவர் கண்ணைத் திறக்காமலே ஒவ்வொன்றாக எடுத்து வாயில் உருட்டினார். நெற்றி வியர்த்திருந்தது.

“நடுவுல இருக்கறது மாட்டுப்பால்” என்றார்.

“சரியாச் சொல்லிட்டீங்க மாமா” என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். காய்ச்சலில் செத்துப்போன வாசனையும் ருசியும் திரும்ப வந்துவிட்டன, பையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்து பழகியது வீண்போகவில்லை, அன்றைக்கு இந்தக் கடையில் ஓட்ஸ் பாலை மாற்றிக் கொடுத்தபோதுகூடத் தெரியாமல் குடித்த நாக்கு இப்போது பிழைத்துக்கொண்டது என்றார். ஜலதோஷம் என்று சொல்லி ஆலையில் இதுவரை ஒதுங்கியிருந்தாராம். திங்கட்கிழமை டேங்கர் பக்கம் போகாவிட்டால் பாக்கெட் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறாராம்.

“இனி உங்கக்காகிட்ட சொல்லிடலாம். முன்னாடியே சொல்லியிருந்தா ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பா” என்றார்.

சாமான் அறைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். மனப்பாடம் செய்த அத்தனையும் மறந்துபோனது. என் தங்கை என் தங்கைதான், என் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரர்தான். சத்தம் போட்டு அழலாம் போல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அது நீடிக்கவில்லை. நடுக் கோப்பையில் அவள் ஊற்றியதை என் கண் பார்த்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று மட்டும் சொன்ன பொய் இல்லை அது, பழகிப்போன பொய். மாமா மனசு உடையக் கூடாது என்று தினமும் சரி, சரி என்று சொல்லியே அவரைத் தேற்றியிருக்கிறாள். திங்கட்கிழமை இவர் டேங்கர் முன்னால் நின்று ‘இறக்கு’ என்பார். கெட்ட பாலாக இருந்தாலும் ‘இறக்கு’ என்பார். அது பாக்கெட்டாகி ஊரில் எத்தனை வீட்டு அடுப்பில் ஏறும், எத்தனை குழந்தைகள் வாயில் போகும். பிறகு ஒருநாள் ஆலையே கூடி நின்று இவரைப் பார்க்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். இருவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். தங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. வேண்டாம் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

“நடுவுல இருக்கறது ஓட்ஸ்ங்க. அவ ஊத்தினதை நான் பார்த்தேன்” என்றேன்.

நான் அங்கே எப்படி வந்தேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. தங்கையைப் பார்த்தார். “இல்ல மாமா” என்று ஆரம்பித்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று சரி என்றதும், அதற்கு முந்தின நாள் சரி என்றதும் இப்படித்தானா என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவள் அழ ஆரம்பித்தாள்.

நான் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தேன். காலையில் அந்தக் காபியை என்ன நினைத்துக்கொண்டு கொடுத்தேன் என்பதை நினைக்கவே கூசியது. தட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டித் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“இனிமே நீ ஊத்து” என்றார். “நீ ஒருத்திதான் என்னை நம்ப மாட்ட.”

கோப்பைகளைக் கழுவித் துடைத்தேன். அவருக்குத் தெரியாதபடி திரும்பி நின்று ஒன்றில் மாட்டுப்பாலை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். வாயில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, சோயா என்றார்.

“தப்பு” என்றேன்.

அவர் தலையசைத்தார். அடுத்ததை ஊற்றச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.