துவைத்த தலையணை

நேனிதாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கேட்க வேண்டியதை ரோவேனா மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இலோயிலோ மருத்துவமனையில் பெற்றவள் விட்டுப்போன ஒரு பெண் குழந்தையை நாளைக் காலை வெளியே அனுப்புகிறார்கள். தத்தெடுக்க யாராவது கிடைக்கும்வரை வளர்க்க ஒரு வீடு வேண்டும். இல்லையென்றால் காப்பகம். அங்கே தொட்டில்கள் நிறைய, தூக்குவதற்குக் கைகள்தான் இல்லை.

வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிப் பிடிப்பது ரோவேனாவின் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் பன் கொடுத்துப் பேசுவாள். வருகிறவர்கள் பன்னைத் தின்றுவிட்டுத் தலையாட்டிப் போய்விடுவார்கள். பழைய குடும்பங்களும் ஒவ்வொன்றாக விலகின. மிஞ்சியவள் நேனிதா. தான் வளர்த்த பிங் என்ற சிறுமியைக் கடல் தாண்டி பகோலோடுக்குத் தத்துக் கொடுத்தபின் அவளும் யாரையும் எடுக்கவில்லை.

நேனிதா யாருடைய சீருடையையோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ரோவேனாவை அவள் 'இந்தாய்' என்பாள், பெண்ணே என்று; ரோவேனாவுக்கு அவள் 'நானாய்', அம்மா.

"வா இந்தாய். கோயில்ல பன் தீந்துபோச்சா, ஆள் புடிக்க இங்க வந்துட்ட?"

"ஒரு குழந்தை இருக்கு, நானாய். பொண்ணு..."

"அது இருக்கட்டும். பிங்கோட புது அம்மா போன் பண்ணா. நான் என்ன சோப்புத்தூள் போடுவேன்னு கேட்டா."

ரோவேனாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த வளர்ப்பு வீடுகளில் பிள்ளைக்கென்று ஒரு தலையணை இருக்கும். எச்சிலும் வியர்வையும் எண்ணெயும் ஊறியது. பிள்ளை கைமாறும்போது துவைக்காமல் கூடவே போகும். பிங்கின் தலையணை மஞ்சளாகியிருந்தது. ரோவேனா அதைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, உறை மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"மோந்து பாத்துட்டுத் தூக்கி எறியுதாம். தூங்கவே இல்லையாம். நீதான் துவைச்சியா?"

"ஆமா, நானாய்."

"எதுக்கு?"

"படிச்சவங்க. உங்களை அழுக்குன்னு நெனச்சிருவாங்களோன்னு."

நேனிதா காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். "நல்ல எண்ணந்தான். பிள்ளைகூட நான் குடுத்தனுப்புறது அது ஒண்ணுதான். அதையும் சோப்புல முக்கிட்ட."

மன்னிப்பாக ஏதாவது சொல்லலாம். ரோவேனா தயாரித்து வந்த வார்த்தைகள் எல்லாம் புதுக் குழந்தையைப் பற்றியவை.

"பிங் இப்ப தூங்குதா?"

"நான் வீட்டுல போட்ட கவுனைத் துவைக்காம கப்பல்ல அனுப்பினேன். அதைச் சுத்திக்கிட்டுத் தூங்குதாம்." நேனிதா சட்டையை மடித்து வைத்தாள். "எனக்குப் போதும், இந்தாய். வேற வீடு பாரு."

மறுப்பவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரோவேனா செருப்பை மாட்டிக்கொண்டாள். காப்பகத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்ற நினைப்பு, வேறு யாருடைய வேலையோ போல வந்தது.

கேட்டைத் திறக்கும்போது ஜன்னலில் நேனிதாவின் குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரியில அந்தப் பிள்ளைய எதுல சுத்தி வச்சிருக்காங்க?"

"பெத்தவளோட பழைய பனியன்ல. மாத்தணும்னு நர்ஸ் சொன்னாங்க."

"மாத்த விடாத. அதோடயே கொண்டா. தண்ணிகூடத் தெளிக்காத."

சரி என்றாள் ரோவேனா. உள்ளே இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் பட்டுச் சீறியது.