மெத்தையில் வெந்த கடலை

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் உருப்படியானவை இரண்டே இரண்டு. ஒன்று, நான் வேலை பார்க்கும் மெத்தைக் கடையில் எல்லோரும் சேர்ந்து தைத்துக் கொடுத்த ரஜாய், பஞ்சு அடைத்த கனமான போர்வை. இன்னொன்று, என் நாத்தனார் கொடுத்த கேஸ் சிலிண்டர். மற்றதெல்லாம் சுவர்க் கடிகாரம். ஐந்து கடிகாரம் வந்தது, ஐந்தும் ஐந்து நேரம் காட்டும்.

சிலிண்டர் சும்மா வரவில்லை, பந்தயத்தோடு வந்தது.

நாத்தனார் ஆஸ்பத்திரி கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. முந்நூறு பேருக்கு வடித்துக் கொட்டுகிற கை. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் பெரிய கரண்டி. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்தவர் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. அந்தத் தம்பியைக் கட்டிக்கொண்ட கையோடு தனிக்குடித்தனம் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குச் சண்டை போடவாவது சொந்தமாக நாலு சுவர் வேண்டாமா? அவர் தடுக்கவில்லை. சிலிண்டரைக் கொண்டுவந்து நடு வீட்டில் 'ணங்' என்று வைத்தார்.

"இது மூணு மாசம் வரணும். வந்துட்டா உங்களுக்குக் குடித்தனம் பண்ணத் தெரியும்னு ஒத்துக்கறேன். நடுவுல தீர்ந்துடுச்சுன்னா, பேசாம மூட்டையைக் கட்டிக்கிட்டு என் வீட்டுப் பின்ரூமுக்கு வந்துடணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கணவன் தலையை ஆட்டிவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். யார் பட்டனை அழுத்தினாலும் அந்த மாடிக்குப் போய்விடுகிற சுபாவம். ஊருக்கு முன்னால் அவனை நான் 'நீங்க, வாங்க' என்பேன். கதவைச் சாத்தினால் 'நீ, வா'தான். இங்கேயும் அவன் என்றே சொல்கிறேன். அவனுக்கு ஒரு புகாரும் இல்லை.

எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் வராது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது நாத்தனாருக்கும் தெரியும். தெரிந்துதான் வைத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

எங்கள் கடையில் டீ ஆறாமல் இருக்கக் கெட்டிலைப் பஞ்சு மூட்டைக்குள் செருகி வைப்போம். இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் நாக்கைச் சுடும். டீயை ஆறவிடாத பஞ்சு அரிசியை மட்டும் வேகவிடாதா என்ன? அன்று மாலையே குண்டானில் அரிசியைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, மூடியை இறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, அவனுடைய பழைய ஸ்வெட்டரை மாட்டி, மெத்தையில் படுக்கவைத்து, ரஜாயை இழுத்துப் போர்த்திவிட்டேன். இரண்டு பக்கமும் தலையணை அணை கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் சோறு பூவாக மலர்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி ஆடாத குறைதான்.

அதற்கப்புறம் எங்கள் கட்டில் ராத்திரியை விடப் பகலில்தான் அதிகம் உழைத்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, எலும்பு சூப், எல்லாம் படுத்துத்தான் வெந்தன. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் பால்கனியில் வாளியை வெயிலுக்கு வைத்தோம். உருளைக்கிழங்குத் தோலைக்கூட விடாமல் மொறுமொறுவென்று வறுத்துத் தின்றோம். ஒரு நாள் மூடி நழுவி வெங்காயம் போட்ட பருப்பு முழுக்க மெத்தையில் கொட்டியது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். நாங்கள் ஒரு வாரம் வெங்காய வாசனைக்கு நடுவில் வாழ்ந்தோம். அவன் வேலைக்குப் போன எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் அவனோடு ஏறிய ஒரு பெரியம்மா, ஒவ்வொரு மாடியிலும் மூக்கை உறிஞ்சி, எந்த வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். அதை அவன் நடித்துக் காட்டியபோது சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷமாக இருந்தோம். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எண்பத்தெட்டாவது நாள் புதன்கிழமை. எங்கள் கடைக்கு வார விடுமுறை. காலையில் அவன் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்தான். இன்னும் உயிர் இருக்கிறது, இரண்டு நாள் இழுத்துப் பிடித்துவிடலாம் என்றான். பக்கத்துத் தெருவில்தான் வேலை, மதியம் சாப்பிட வருகிறேன் என்று போனான். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையைப் பத்தே நிமிடம் கொதிக்கவிட்டு, ஸ்வெட்டர் மாட்டிப் படுக்கவைத்தேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன்.

திரும்பி இறங்கும்போது வாசலில் செருப்பு. அகலமான, கறுப்பு, எண்ணெய் ஊறிய செருப்பு. ஆஸ்பத்திரி கேன்டீனைத் தவிர வேறெங்கும் அப்படிச் செருப்பு கிடையாது. உள்ளே நாத்தனார் யாரையோ கிழித்துக்கொண்டிருந்தார்.

வேலை நாளில் பட்டப்பகலில் என்ன தூக்கம், லிஃப்டெல்லாம் தானாக ஏறி இறங்கிக்கொள்ளுமா, அடுப்படியில் ஒரு பாத்திரத்தைக் காணோம், உன் பெண்டாட்டி உன்னைப் பட்டினி போட்டுவிட்டு எங்கே ஊர் சுற்றப் போனாள் என்று ஏகப்பட்ட கேள்வி. கடைசிக் கேள்வியில் எனக்குச் சுருக்கென்றது. வாளியோடு உள்ளே பாய இருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவன் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் ஆள் கிடையாது. நாத்தனார் கடலையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தேன். என் கணவன் உடம்பைச் சுருட்டிப் படுத்தால் உண்மையிலேயே ஒரு குண்டானும் இரண்டு தலையணையும் அளவுதான் இருப்பான்; அவரைக் குறை சொல்ல முடியாது. பதில் வராத ஆத்திரத்தில் அவர் ரஜாய்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"என்னடா, உடம்பு இப்படிக் கொதிக்குது?"

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் தலைவரைக்கும் மூடிக்கொண்டு உருண்டையாகக் கிடப்பானாம். யாராவது துணியை விலக்கினால் கடித்து வைப்பானாம். அக்காவின் மணிக்கட்டில் ஒரு பல் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் அவர் ரஜாயை விலக்கவில்லை. மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தட்டிக்கொடுத்தார். அந்தக் குரல் அவ்வளவு கீழே இறங்கி நான் கேட்டதில்லை.

"சரி, தூங்கு. நீ முழிச்சிருந்தா எனக்குத் திட்டத்தான் வரும். நீ போனதுலேர்ந்து வீட்டுல நான் அடுப்பே பத்த வைக்கலைடா. கேன்டீன்லயே நின்னுக்கிட்டு ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு வந்து படுத்துடறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடறதுன்னே எனக்குத் தெரியலை. அந்த சிலிண்டர் சீக்கிரம் தீரணும்னு தினமும் வேண்டிக்கறேன். அவ நல்ல பொண்ணுதான். அவளையும் சேத்துத்தான் வேண்டிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. மூன்று மாதமாக மனசுக்குள் அவரை என்னென்ன பெயர் வைத்துத் திட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கூசியது.

கண்ணைத் துடைப்பதற்குள் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அரிசி டப்பா திறக்கும் சத்தம். குழாய்ச் சத்தம். அப்புறம் லைட்டர் சத்தம். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்கிறார்.

வாளியை வேண்டுமென்றே நங்கென்று வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அவர் உதட்டில் விரலை வைத்து, அவன் தூங்குகிறான் என்று ஜாடை காட்டினார். உடம்பு சரியில்லாதவனை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கிசுகிசுப்பாகத் திட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை. தீயைப் பார்த்தேன். கேன்டீன் கைக்குச் சின்னத் தீ தெரியாது. குமிழைக் கடைசிவரை திருகிவிட்டிருந்தார். எண்பத்தெட்டு நாளில் எங்கள் அடுப்பு அப்படி ஒரு தீயைப் பார்த்ததில்லை. தண்ணீரோ பானை நிறைய, பத்துப் பேர் குடிக்கிற கஞ்சிக்கு.

ஒரு வார்த்தை போதும். அண்ணி, அவருக்குக் காய்ச்சல் இல்லை, கட்டிலில் இருப்பது குண்டான் என்று சொன்னால் அடுப்பு அணையும். என் வீடு எனக்கு மிஞ்சும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில், இத்தனை வருஷம் யாரிடமும் திறக்காத மனசை ஒரு குண்டானிடம் திறந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதை என் வாயால் சொல்ல வேண்டும். நாக்கு வரை வந்தது. வெளியே வரவில்லை. நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கட்டில் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

தீ நீலமாகச் சுருங்கி, 'பக்' என்று அணைந்தது.

நாத்தனார் குமிழைத் திருகினார். குனிந்து சிலிண்டரை ஆட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே என் கணவன் குரல் கொடுத்தான். "கடலை எழுந்துடுச்சா?"

அக்காவைப் பார்த்ததும் அசடு வழிந்தான். அவர் அவனைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். நேராகப் போய் ரஜாயை விலக்கினார். அவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எங்கள் குண்டான் உட்கார்ந்திருந்தது.

இடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால், நாத்தனார் மூடியைத் திறந்து ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். வெண்ணெயாக நசுங்கியது. சமையல்காரிக்கு முதலில் சமையல்தான்.

"அடுப்புல எவ்வளவு நேரம் இருந்துது?"

"பத்து நிமிஷம்தான் அண்ணி."

தண்ணீர் எவ்வளவு, உப்பு எப்போது போட்டாய் என்று மேலும் இரண்டு கேள்வி கேட்டார். என் கணவன் ஏதோ புது லிஃப்டைத் திறந்து வைக்கிற அதிகாரி மாதிரி செய்தித்தாள், ஸ்வெட்டர், தலையணை எல்லாவற்றையும் விளக்கினான். நான் வெங்காயம் நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, ரொட்டியோடு வைத்தேன். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தடவை வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனவன் அப்படியே திரும்பி வந்தான்.

"தீர்ந்துடுச்சா? ரெண்டு நாள்தானே பாக்கி இருந்துது."

நாத்தனார் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். வழியனுப்ப நான் கூடவே இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார்.

"நான் அடுப்பைப் பத்த வெச்சப்பவே, அது குண்டான்னு நீ சொல்லியிருந்தா கேஸ் மிஞ்சியிருக்குமே. ஏன் சொல்லலை?"

ஒரு பொய் தேடினேன். அவசரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அப்போ எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் உள்ளே வந்திருக்கே."

தலையை ஆட்டினேன். அவர் கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்தார்.

"அது என் கையில தீர்ந்த கேஸ். பந்தயத்துல சேராது. இங்கேயே இருங்க. உனக்குக் குடித்தனம் பண்ணத் தெரியுது." இரண்டு படி இறங்கினார். "அவன்கிட்ட சொல்லிடாதே."

சரி என்றேன். இன்னும் நாலு படி இறங்கினார். திரும்பாமலே நின்றார்.

"சொல்லு. நான் பஸ் ஏறினப்புறம் சொல்லு."

மேலே ஓடினேன். பஸ் நிறுத்தம் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. நாத்தனார் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் கணவன் தரையில் உட்கார்ந்து, உயிர் போன சிலிண்டருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான். பஸ் வருவதாகத் தெரியவில்லை. ரகசியம் காக்கிற விஷயத்தில் நான் ஓட்டைப் பானை. ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வீடு தப்பிவிட்டது என்பதில் தொடங்கி, அவன் அக்கா கடலையிடம் சொன்னது வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

"ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசின்னு தெரியலைன்னு அக்கா சொன்னாளா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். செருப்புகூடப் போடாமல் ஓடினான். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிப் படியும் தடதடவென்று அதிர்ந்தது.

அவன் தெருவைத் தாண்டும்போது பஸ் வந்து நின்று இரண்டு பேரையும் மறைத்தது. நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, ஏறாதீங்க அண்ணி, ஏறாதீங்க என்று முணுமுணுத்தேன். பஸ் கிளம்பிப் போனது. இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். கொதிக்கிற ரோட்டில் செருப்பில்லாமல் ஓடி வந்ததற்காக நாத்தனார் அவனைக் கைப்பையால் அடித்துக்கொண்டிருந்தார். அவன் நகராமல் நின்று வாங்கிக்கொண்டிருந்தான்.