பெயர் போட்டு எழுது

ஜெயமணிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளின் கட்டுரையில் 'ஓர் ஊர்', 'ஒரு கம்பெனி', 'ஒருவர்' என்று எங்கே கண்டாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'பெயர்?' என்று எழுதிவிடுவாள். பெயர் இல்லாத எழுத்து விலாசம் இல்லாத கடிதாசி, எங்கேயும் போய்ச் சேராது என்பாள். மத்திகிரிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாகத் தமிழ் நடத்திவந்தாள். அந்தப் பழக்கத்தால் அதுவரை யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

2008-ல் கிருஷ்ணகிரியில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் கணினிப் பயிற்சி நடந்தது. வலைப்பூ எப்படித் தொடங்குவது என்று காட்டிக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஜெயமணி மட்டும் உட்கார்ந்து ஒன்றைத் தொடங்கியேவிட்டாள். 'ஒன்பதாம் வகுப்பு அ பிரிவு' என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். சனிக்கிழமைதோறும் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் அவள் அதைத் தட்டி ஏற்றுவாள். பள்ளியிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எலி கடித்துவிடும் என்று தலைமையாசிரியர் அதை அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பின்னூட்டங்களைப் பிரிண்ட் எடுத்து வந்து வகுப்பில் வாசிப்பாள். சிங்கப்பூரிலிருந்து யாரோ 'நன்று' என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தால்கூட வகுப்பே கைதட்டும். அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள்கூடப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார்கள். ஜெயமணிக்கு அந்த மாதங்களில் தரையில் கால் பாவவில்லை.

அப்படி எழுத ஆரம்பித்தவர்களில் ஒருத்திதான் மோகனப்ரியா. சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா கந்தன் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டினார். அம்மா பேச்சியம்மாள் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டினாள். 'என் அப்பாவின் வேலை' என்று தலைப்புக் கொடுத்தபோது அந்தப் பெண் இரண்டே வரி எழுதி வந்தாள். 'என் அப்பா ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் மிகவும் நல்லவர்.'

ஜெயமணி வட்டம் போட்டாள்.

"என்ன கண்ணு இது? ஊர்ல இருக்கற எல்லா அப்பாவுக்கும் இது பொருந்துமே. அப்பா பேரு என்ன, கம்பெனி பேரு என்ன, உள்ள போயி என்ன பண்றாரு? பேரு போட்டு எழுது."

"போடலாமா மிஸ்?"

"போட்டா என்ன?"

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்துவிட்டது.

மறுநாள் மூன்று பக்கம் வந்தது. கம்பெனிப் பெயரும் அதில் இருந்தது. அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் போட்டதால் வந்த வினைதான் இந்தக் கதையே. கேட் பாஸில் இருப்பது அப்பாவின் பெயர் இல்லை என்று மோகனப்ரியா எழுதியிருந்தாள். நாராயணப்பன் என்ற உள்ளூர்க்காரர் பேரில் எடுத்த பாஸ் அது. அவர் கெலவரப்பள்ளிப் பக்கம் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். கான்ட்ராக்டர் அந்தப் பாஸை அப்பாவிடம் கொடுத்து, இனி உன் பேர் இதுதான் என்றார்.

'காலையில் கேட்டைத் தாண்டினால் என் அப்பா நாராயணப்பன். சாயங்காலம் வெளியே வந்தால் கந்தன். ஆறு வருடமாகிறது. ஊரிலிருந்து வந்த மாமா பின்னாலிருந்து கந்தா என்று கூப்பிட்டபோது அப்பா திரும்பவில்லை. ஆனால் ரோட்டில் போகும் வண்டிகளில் என் அப்பா அடித்த தகடு இருக்கிறது. அதை அடித்தவர் பெயர் கந்தன்.'

ஜெயமணி இதை மூன்று முறை படித்தாள். அடுத்தவர் பாஸில் வேலைக்குப் போவது உண்டு என்று அவளும் கேள்விப்பட்டவள்தான். ஆனால் எழுதியது அழகாக இருந்தது. அந்த அழகில் மயங்கினாளே தவிர, அது யாரைச் சுடும் என்று யோசிக்கவில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, நாலு பேர் தேடினால் கிடைக்கட்டும் என்று கம்பெனிப் பெயரை அடியில் ஆங்கிலத்திலும் போட்டு ஏற்றினாள். ஒரே வாரத்தில் பதினேழு பின்னூட்டம். மோகனப்ரியா வீட்டில் மூச்சு விடவில்லை. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒரேயடியாக அப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

அதற்குள் கம்பெனி ஆபீஸில் பிரிண்ட் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரப்போகிற நேரம். கம்பெனியைப் பற்றி நெட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர் தேடிப் பார்த்திருக்கிறார்.

மோகனப்ரியா நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் பக்கத்து வீட்டுச் சுப்ரியா சொன்னாள்.

"அவங்கப்பாவ கம்பெனில நிறுத்திட்டாங்க மிஸ். நெட்ல போட்டாளாம். அவங்கம்மா அவள அடிச்சிட்டாங்க."

அன்று மதியமே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜெயமணி டவுன் பஸ் ஏறினாள். பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்துக்கு இன்னும் கெடுதல் வரக்கூடாதே என்று பதறினாள். பொய் சொல்வானேன், தன் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. அந்தக் கட்டுரையை மட்டுமல்ல, வலைப்பூவையே அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்கு இருந்த நிதானம்கூட அவளுக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை கந்தன் மகளைக் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தார். ஊரோடு போகிறார்கள். தலைமையாசிரியர் அறையில் ரிஜிஸ்டரை நீட்டியபோது அவர் 'நா' என்று எழுதத் தொடங்கிச் சட்டென்று நிறுத்தினார். அதை அடித்துவிட்டு, 'கந்தன்' என்று மெதுவாக எழுதினார். ஜெயமணி வேறு பக்கம் பார்த்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"பாப்பா மேல தப்பில்லைங்க. அவ பேரு போடாமத்தான் எழுதுனா. பேரு போட்டு எழுதச் சொன்னது நான்."

கந்தன் மகளைப் பார்த்தார். மோகனப்ரியா தலை நிமிரவில்லை. அடி வாங்கியபோதும் அவள் அதைச் சொல்லவில்லை என்பது ஜெயமணிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"பிள்ள எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையே டீச்சர்," என்றார் கந்தன். "ஆபீஸ்ல எனக்கு வாசிச்சுக் காமிச்சாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தா. அந்தக் காயிதத்தக் கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு இருந்தா குடுங்க."

"எதுக்குங்க?"

"ஆறு வருசம் அங்க வேல பாத்திருக்கேன். கம்பெனி ரிஜிஸ்டர்ல நாராயணப்பன் பேரு, பாஸ்ல அவரு பேரு. என் பேரு போட்டு இருக்கது அது ஒண்ணுதான்."

"அழிச்சுட்டேனுங்க," என்றாள் ஜெயமணி.

"எப்போ?"

"வெள்ளிக்கெழம."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நோட்டுல இருக்குமே கண்ணு?" என்று மோகனப்ரியாவிடம் கேட்டாள் ஜெயமணி.

"அம்மா அடுப்புல வச்சுட்டாங்க மிஸ்."

ஜெயமணி உள்ளே ஓடி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். "இங்கயே உக்காந்து திரும்ப எழுதிக் குடுத்துரு கண்ணு. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமா இருக்குமே." ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் ஒப்பிக்கிற பெண் அவள்.

மோகனப்ரியா படியில் உட்கார்ந்தாள். தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு வேகமாக எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். கந்தன் எழுத்துக்கூட்டி வாசித்தார். "நல்லா எழுதியிருக்க தாயி," என்றார். டீச்சரும் பார்க்கட்டும் என்று நீட்டினார்.

தாளில் இரண்டே வரிகள் இருந்தன. 'என் அப்பா ஒரு கம்பெனியில் வேலை செய்தார். அவர் மிகவும் நல்லவர்.'

ஜெயமணி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கந்தன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் டி.சி.யோடு வைத்துக்கொண்டு, "வாரோம் டீச்சர்," என்று சொல்லிவிட்டு மகளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.