கடைசி ஆளின் விசில்

முழங்காலில் பட்டையைச் சுற்றினார். அதன் மேல் இன்னொன்றைச் சுற்றினார். பேண்ட்டை இழுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். வெளியே தெரியவில்லை.

கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நடந்தார். ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு. அறை அவ்வளவுதான். நொண்டுவது தெரிகிறதா என்று கேட்க ஆளில்லை. தெரியவில்லை என்று தானே சொல்லிக்கொண்டார். ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது மாடி. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அந்தக் கட்டடத்து லிஃப்டில் மட்டும் ஏறமாட்டார். அது இறங்கும் சத்தத்தைக் கேட்டே அதன் யோக்கியதை அவருக்குத் தெரியும். இன்று அதில்தான் இறங்கினார்.

மாதத்தின் முதல் ஞாயிறு நடைக்குழுவின் நாள். மற்ற நாட்களில் அவருக்குப் பேச்சு என்பது கடையில் "இருக்கா?", கொடுத்த பிறகு "போதும்". வேனில் ஏறியதும்தான் வாய் திறக்கும்.

"வாங்க வால் சார். உங்களுக்குத்தான் வெயிட்டிங்" என்றார் இன்சூரன்ஸ்காரர். "வேன்லயும் கடைசிதானா?"

"வால் முன்னாடி வந்தா நல்லாவா இருக்கும்?"

வேன் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு மாதத்துக்குப் போதும்.

நடையில் முன்னால் போகிறவர் பல் டாக்டரம்மா. ஐம்பது வயது, ஒல்லி, காற்று மாதிரி நடப்பார். கடைசியில் வருகிறவர் இவர். நடுவில் மற்றவர்கள். தலைகளை எண்ணும் வழக்கம் இல்லை, விசில்தான் எண்ணிக்கை. டாக்டரம்மா ஒரு நீள விசில் அடித்தால், எல்லோரும் வந்தாச்சா என்று அர்த்தம். இவர் இரண்டு அடித்தால், எனக்குப் பின்னால் யாரும் இல்லை, வழியில் பை எதுவும் இல்லை, கிளம்பலாம். மூன்று அடித்தால் ஆளைக் காணோம், திரும்பி வாருங்கள். ஆறு வருஷத்தில் மூன்று அடித்ததில்லை.

பாதையை விட்டு விலகுகிறவர்கள் எதற்காக விலகினாலும் தங்கள் பையைப் பாதை நடுவில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசி ஆள் பையைப் பார்ப்பார். பைக்காரர் வரும்வரை நிற்பார். பையைத் தாண்டக் கூடாது.

அந்த வேலையை அவரே கேட்டு வாங்கினார். கடைசியில் வருவதை யார் விரும்புவார்கள்? நல்ல மனசு என்றார்கள். முட்டி அப்போதே பேச ஆரம்பித்திருந்தது. கடைசியில் வருகிறவனை ஏன் கடைசியில் வருகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு கஷ்டம் உண்டு. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலை நீட்டி, கதை பேசி முடித்திருக்கும்போது அவர் போய்ச் சேர்வார். "வால் வந்தாச்சு, போலாமா?" என்று எல்லோரும் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக் கொள்வார்கள். ஆறு வருஷத்தில் அந்தக் கற்களில் எதிலும் அவர் சரியாக உட்கார்ந்ததில்லை.

அதற்கெல்லாம் அவர் தயார். பேக்கரிக்காரரும் அவர் மனைவியும்தான் அவருக்குக் காபந்து. பேக்கரிக்காரர் கனத்த உடம்பு. மனைவிக்குப் பறவைப் பைத்தியம். ஒரு நாரைக்கு இருபது நிமிஷம் நிற்பார். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற சாக்கில் இவர் முட்டிக்கு ஓய்வு கொடுத்துக்கொள்வார்.

வேனில் அவர்கள் இருக்கை காலியாக இருந்தது.

"பேக்கரிக்காரர் எங்க?"

"அடுப்பு ரிப்பேராம். ரெண்டு பேரும் வரல" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கு எல்லாருமே வேகமா நடக்கறவங்க. பன்னெண்டுக்குள்ள காவல் கோபுரத்துக்குப் போயிரலாம்."

அவர் தலையாட்டினார்.

போன வருஷம்வரை தபால்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நடை தளர்ந்தது. ஒருநாள் டாக்டரம்மா அவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். அடுத்த மாதம் தபால்காரர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பிறகு அவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

*

வேன் சதுப்பு நிலத்தின் கரையில் இறக்கிவிட்டது. கரை முடியுமிடத்தில் பலகைப் பாதை. தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நின்று, கோரைக்கு நடுவே வளைந்து வளைந்து காட்டின் ஓரம்வரை போகும்.

எட்டு முதுகுகள் அவருக்கு முன்னால் போயின. முகங்களை விட முதுகுகளை அவருக்கு நன்றாகத் தெரியும். இன்சூரன்ஸ்காரருக்கு இடது தோள் சற்று இறக்கம். இரட்டையர்போல் நடக்கும் இரண்டு டீச்சர்கள், பேசும்போது ஒரே பக்கம் சாய்வார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் புதிது, மூன்றாவது நடைதான். யாரோடும் சேராமல் மற்றவர்களுக்குப் பத்தடி பின்னால் போவாள். பச்சைப் பை. அவளுடைய முதுகு இன்னும் அவருக்குப் பழகவில்லை.

முதல் வளைவில் ஆறு முதுகுகள் தெரிந்தன. இரண்டாவது வளைவில் பச்சைப் பை மட்டும். மூன்றாவதில் கோரைதான் இருந்தது.

அவர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். முட்டிக்குள் ஏதோ நழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. ஒரு தவளை குதித்தது. பிறகு அதுவும் இல்லை.

லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை பார்த்த ஆள்தான். மணிக்கணக்கில் இருட்டில், கிரீஸ் வாடையில் இருந்திருக்கிறார். ஆனால் அங்கே மேலேயும் கீழேயும் யாராவது பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆள் இருப்பது தெரியும்.

பலகைப் பாதையில் பாதியைத் தாண்டியபோது விசில் கேட்டது. ஒன்று. நீளமாக. தூரத்திலிருந்து.

காட்டுக்குள், வழக்கமாக ஓய்வெடுக்கும் கல் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே போக இவருக்கு இன்னும் அரை மணி ஆகும். எல்லோரும் வந்தாச்சா என்று கேட்கிறார் டாக்டரம்மா.

பதில் சொல்லாவிட்டால் காத்திருப்பார்கள். அரை மணி காத்திருந்தால் வருகிற நடையைப் பார்ப்பார்கள். பார்த்தால் தனியாக அழைத்துப்போய்ப் பேசுவார்கள்.

எல்லோரும் வேகக்காரர்கள். நடுவில் யார் இருக்கப்போகிறார்கள்?

விசிலை வாயில் வைத்தார். இரண்டு அடித்தார். சத்தம் தண்ணீர்மேல் ஓடியது.

அவர்கள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொள்வது அவருக்குக் கண்ணில் தெரிந்தது. போகட்டும். கோபுரத்தில் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

*

பலகைப் பாதை முடிந்து, மரங்கள் தொடங்கும் இடத்தில், பாதையின் நடுவே பச்சைப் பை இருந்தது.

அவர் நின்றார்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. நல்லவேளை, ஒரு ஆள் இருக்கிறாள். ஏன் லேட் என்று கேட்டால் பையைக் காட்டலாம். பைக்குப் பக்கத்தில் ஒரு வேரில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

பாதைக்கு இடதுபுறம், நூறடி தள்ளி, பழைய சுங்கச்சாவடி. கூரை போய்விட்டது. இரண்டு வளைவுகளும் ஒரு சுவரும் மிச்சம். சுவரைப் பிளந்து ஒரு மரம் நின்றது. அதைப் பார்க்கப் போயிருப்பாள். நூலகத்துப் பெண்தானே. கல்வெட்டு ஏதாவது கண்ணில் பட்டிருக்கும்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம்.

"அம்மா!" என்று கூப்பிட்டார். பெயர் தெரியாது. கேட்டதில்லை. "லைப்ரரி அம்மா!"

பதில் இல்லை. அப்போதுதான் உறைத்தது. இவர் இரண்டு அடித்தபோது அவள் பாதையில் இல்லை.

எழுந்து சுங்கச்சாவடிப் பக்கம் போனார். தானே கண்டுபிடித்துவிட்டால் இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து நடந்து போய்விடலாம். வளைவுக்குள் குனிந்து பார்த்தார். சுவருக்குப் பின்னால் பார்த்தார். அங்கிருந்து சதுப்பு பக்கமாக ஈரமண்ணில் ஷூ தடம் இறங்கியது. இவரும் இறங்கினார். நான்காவது அடியில் முட்டி கைவிட்டது. பக்கவாட்டில் விழுந்து, சுவர்க்கல்லைப் பிடித்து எழுந்தார். அதற்குமேல் இறங்க முடியாது. இறங்கினால் ஏற முடியாது.

தடம் கோரைக்குள் போயிருந்தது.

மூன்று அடித்தால் எல்லோரும் திரும்பி வருவார்கள். பை எங்கே கிடக்கிறது, இவர் எங்கிருந்து இரண்டு அடித்தார் என்று ஒரு குழந்தைகூடக் கணக்குப் போட்டுவிடும்.

அவர் விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோரைக்குள் எங்கோ ஒரு பறவை எழும்பியது. யாரோ அங்கே அசைந்ததால் எழும்பியிருக்க வேண்டும். அல்லது அதுவாகவே எழும்பியிருக்கலாம்.

மூன்று அடித்தார். கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று. மூச்சு தீரும்வரை மூன்று மூன்றாக அடித்தார்.

*

இன்சூரன்ஸ்காரர்தான் முதலில் ஓடிவந்தார். பின்னால் டாக்டரம்மா.

"யாரு?"

"லைப்ரரிப் பொண்ணு. தடம் கோரைக்குள்ள போகுது."

மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. இறங்கினார்கள். டீச்சர்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் கோரைக்குள்ளிருந்து இன்சூரன்ஸ்காரரின் குரல் வந்தது. "இருக்காங்க! கால் மாட்டிக்கிச்சு. கயிறு ஏதாவது குடுங்க!"

பைகளின் வார்களை முடிச்சுப்போட்டு இழுத்தார்கள். அவள் இடுப்புவரை சேறாக வந்தாள். ஒரு ஷூவைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அழவில்லை. பல் கிட்டித்தது.

"கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார் டாக்டரம்மா.

"கூப்பிட்டேன். குரலே வரல." சேற்றுக் கையைப் புல்லில் துடைத்தாள். "சுவத்துல எழுத்து மாதிரி இருந்துச்சு. பாத்துட்டு இருந்தேன். ரெண்டு விசில் கேட்டுச்சு. கடைசி ஆள் போயிட்டாருன்னு பயந்துட்டேன். விசில் வந்த பக்கமே குறுக்கால ஓடினேன்."

"விசில் வந்த பக்கம்னா?"

அவள் பலகைப் பாதை இருந்த திசையைக் காட்டினாள்.

எல்லோரும் அந்தத் திசையைப் பார்த்தார்கள். பிறகு இவரைப் பார்த்தார்கள். சேர்ந்தாற்போல் இத்தனை முகங்களை அவர் பார்த்ததே இல்லை.

"எங்கிருந்து ஊதினீங்க சார்?" என்றார் டாக்டரம்மா.

"பலகையில. பாதிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"பையைப் பாக்காமலா?"

"பாக்காமதான்."

"ஏன்?"

பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினார். இரண்டு பட்டைகளுக்கு மேலும் கீழும் வீங்கியிருந்தது.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். தொடவில்லை. "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வீட்ல இருங்கன்னு சொல்வீங்க. தபால்காரருக்குச் சொன்ன மாதிரி."

"அவருக்கு நெஞ்சுவலி சார். நான் பல் டாக்டர். வேற என்ன சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னும் ரெண்டடி தள்ளிப் போயிருந்தா?" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் விசிலைக் கழற்றி நீட்டினார். டாக்டரம்மா வாங்கவில்லை. சேறு காயத் தொடங்கியிருந்த ஒரு கை வந்து அதை வாங்கியது.

"நான் கடைசியா வர்றேன்" என்றாள் நூலகத்துப் பெண். "எப்படியும் இந்த ஷூவோட வேகமா வர முடியாது."

இவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

டாக்டரம்மா தன் விசிலைக் கழற்றி இவரிடம் கொடுத்தார். "நீங்க முன்னாடி நடங்க. உங்க வேகம்தான் எல்லாருக்கும்."

"அடுத்த மாசம்..."

"அதை அப்புறம் பேசலாம். நடங்க."

*

அவருக்கு முன்னால் முதுகுகள் இல்லை. இலைகள் மூடிய பாதைதான் இருந்தது. ஒரு சிலந்தி வலை முகத்தில் ஒட்டியது. முதலில் போகிறவர் முகத்தில்தான் வலைகள் ஒட்டும் என்பது அவருக்குத் தெரியாது.

பின்னால் காலடிகள் கேட்டன. அடக்கிய காலடிகள். தான் நிற்க, எல்லாம் நின்றன. நடக்க, எல்லாம் நடந்தன. யாரோ ஏதோ சொல்ல, யாரோ மெல்லச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

கோபுரத்துக்கு வரும்போது மணி இரண்டு. மேட்டின்மேல், பாதி இடிந்து, மேலே புல் முளைத்து நின்றது. யாரோ எந்தக் காலத்திலோ இங்கிருந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். யார் வருவதை என்று யாருக்கும் தெரியாது. சுற்றிலும் விழுந்த கற்களில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அவர் விசிலை எடுத்து ஒரு நீள விசில் அடித்தார்.

சத்தம் மரங்களுக்குள் போனது. பதில் இல்லை.

"உக்காருங்க சார்" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"வரட்டும்."

இந்த இடைவெளியை அவர் இந்தப் பக்கம் நின்று கேட்டதில்லை. இவ்வளவு நீளம் என்று தெரியாது.

ஒன்று கேட்டது. பிசிறாக. பழக்கமில்லாத வாய். அடுத்தது வரவில்லை. கை தன்னாலே முட்டிக்குப் போனது. பிறகு இரண்டாவதும் வந்தது.

டீச்சர் ஒருவர் "வந்தாச்சு" என்றார். இவர் உட்காரவில்லை. இரண்டு விசிலுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். நின்றபடியே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மரங்களுக்கிடையே பச்சைப் பை தெரிந்தது. பிறகு முகம்.

அவள் மேட்டில் ஏறி வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்கள். "வால் வந்தாச்சு. போலாமா?"

அவர் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

முன்னால் போகிறவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கிளம்ப முடியாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். டாக்டரம்மா முதலில் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள்.

நூலகத்துப் பெண் அதே கல்லின் மறுகோடியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. தண்ணீர் வடிந்து முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.