பளிச்சென்று ஓர் ஏரி

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஏரியைப் பார்க்க அதிகாரிகள் குழு வருகிறது என்றதும் ஊருக்கே தலைகால் புரியவில்லை. புரியாதுதான். சுண்ணாம்புக்கல் சுரங்கம் மூன்று பக்கமும் தோண்டித் தின்றுவிட்டு, ஏரிக்கரை வரைக்கும் வர அனுமதி கேட்டிருந்தது. அங்கே கூடு கட்டும் பறவைகளைப் பார்த்துவிட்டு, இது பல்லுயிர் பாரம்பரியத் தலம்தான் என்று குழு எழுதிவிட்டால் சுரங்கம் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. எழுதாவிட்டால் ஏரி போகும். ஏரிக்குக் கீழே விவசாயி ராசாங்கத்தின் நெல்வயலும் சேர்ந்து போகும்.

குழுவை வரவழைத்ததே ராசாங்கம்தான். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து செருப்பைத் தேய்த்தவன். ஆனால் வருகிறவர்களை அழுக்கில் நிறுத்தினால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ஆள். நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் யாரும் எட்டிப் பார்க்காத கொல்லையைக்கூடக் கூட்டிவிடுவோம்.

"கரையெல்லாம் ஒரே எச்சமும் நாத்தமுமா கெடக்கு. வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டா நிப்பாங்க? பளிச்சுனு ஆக்கிடு மாப்ள," என்று மனைவியின் தம்பி திருமுருகனிடம் சொல்லிவிட்டு, பந்தலும் மைக்செட்டும் பேச முந்தின நாள் காலை பெரம்பலூருக்குப் பஸ் ஏறினான். மரங்களைத் தொடாதே என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. அதையெல்லாம் ஒருவன் சொல்லவா வேண்டும்?

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாசியில் தண்ணீர் இறங்கிய கரையோரம் அடர்ந்து நின்ற கருவேல மரங்களில் ஒன்றுகூட இல்லை. நாரைகள் கூடு கட்டியிருந்ததே அந்த மரங்களில்தான்.

"எப்புடி மாமா? மைதானம் மாதிரி ஆக்கிட்டம்ல!" என்றான் திருமுருகன். "சுரங்கத்துக்காரங்கள கேட்டேன், மறுபேச்சு பேசாம ஜேசிபிய அனுப்பிட்டாங்க. டீசல்கூட அவங்களே போட்டுட்டாங்க."

"குஞ்சுங்க?"

"அது மரத்தோட சேந்து குப்பையில போயிடுச்சு. பெருசுங்க பறந்துடுச்சுங்க. தண்ணிதான் இருக்குல்ல மாமா, வந்துடும்."

ராசாங்கம் அவனை அறைந்திருக்கலாம். உட்கார்ந்து அழுதிருக்கலாம். இரண்டும் வரவில்லை. வீட்டுக்குப் போய், மறுநாள் கட்ட வேண்டிய வேட்டியை எடுத்து வைத்தான்.

காலையில் மேளம், மாலை, சந்தனம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. குழுவின் தலைவி, கழுத்தில் பைனாகுலர் தொங்க, கரையை முழுசாக ஒரு சுற்று நடந்து வந்தார். ராசாங்கம் கூடவே நடந்தான்.

"மனுவுல எழுதியிருந்த கூடுங்க எங்கங்க?"

வெட்டிக் குவித்திருந்த முள்ளைக் காட்டினான். குவியலின் மேல் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்கு கண்ணால என்ன பாக்குறனோ, அதத்தாங்க நான் எழுத முடியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சரிங்கம்மா. சாப்பாடு ரெடியா இருக்கு. சாப்பிட்டுப் போங்க."

பந்தியில் அவனே சாம்பார் ஊற்றினான். வாளியோடு பின்னால் வந்த திருமுருகன் காதோரம் குனிந்து, "அம்மா என்னா மாமா சொன்னாங்க?" என்று கேட்டான்.

"சுத்தமா இருக்குன்னாங்க."

திருமுருகனுக்கு முகமெல்லாம் பல். அடுத்த பந்திக்கு இலை போட ஓடினான்.